குழந்தைக்கு நினைவிருக்காது

"சின்னப் புள்ளதானே, மறந்துடும்."

காது குத்தும் இடத்தில் இதைக் கேட்டிருப்பீர்கள். தடுப்பூசி போடும் இடத்தில், தையல் போடும் அறை வாசலில், ஸ்கேன் சென்டரின் காத்திருப்பு நாற்காலியில் என்று எங்கும் இது சொல்லப்படுகிறது. பெரும்பாலும் அன்போடுதான். பதறி நிற்கும் ஓர் அம்மாவைத் தேற்ற இதைவிடச் சின்ன வாக்கியம் நம்மிடம் இல்லை.

ஆனால் இதற்குள் மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, குழந்தை மறந்துவிடும். இரண்டு, மறந்துபோன வலியும் நடக்காத வலியும் ஒன்றுதான். மூன்று, ஆகவே செய்யலாம். முதலாவது பெரும்பாலும் உண்மை. மூன்று வயதுக்கு முன் நடந்தவற்றில் நமக்கு யாருக்கும் அநேகமாக எதுவும் ஞாபகம் இல்லை. என் சந்தேகமெல்லாம் இரண்டாவதைப் பற்றியது. மூன்றாவது அதன் தோளில் ஏறித்தான் உள்ளே வருகிறது.

சில வாரங்களாக, சிறு குழந்தைகளுக்கான செடேஷன் முறைகளை ஒப்பிடும் மருத்துவக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எந்த மருந்து நல்லது என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒப்பீட்டு அட்டவணை என்ற ஒன்றை எனக்குத் தெரியும். எந்தெந்தப் பத்திகளை வைப்பது என்று தீர்மானிக்கும்போதே பாதி விடை தீர்மானமாகிவிடும்.

*

செடேஷன் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. அசைவை நிறுத்துவது, பயத்தைத் தணிப்பது, வலியை எடுப்பது, நினைவு பதியாமல் தடுப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குழந்தை அமைதியாகப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மருந்துக்கு மருந்து இந்த நான்கின் கலவை மாறுகிறது.

நம் ஊரில் இஇஜி எடுக்கவோ காது கேட்கிறதா என்று பரிசோதிக்கவோ போனால், ட்ரைக்ளோஃபாஸ் சிரப்பை ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுப்பார்கள். 1869லேயே தூக்க மருந்தாகப் புழக்கத்துக்கு வந்த குளோரல் ஹைட்ரேட்டின் தம்பி அது. உடலுக்குள் போனதும் இரண்டும் ஒரே பொருளாகத்தான் மாறுகின்றன. தூங்க வைக்கும், வலியை எடுக்காது.

மிடாசோலம் வேறு மாதிரி. வாய்வழி கொடுக்கலாம், மூக்கில் ஸ்ப்ரே அடிக்கலாம், அடித்தால் எரியும். பயத்தைக் குறைக்கும், அதன் பிறகு நடப்பது நினைவில் பதியாமல் பார்த்துக்கொள்ளும். வலியைத் தொடாது. சில குழந்தைகள் இதைக் கொடுத்ததும் அடங்குவதற்குப் பதிலாக இன்னும் முரண்டு பிடிப்பதும் உண்டு.

டெக்ஸ்மெடிடோமிடினை மூக்கில் சொட்டு விட்டு அரைமணி நேரம் போலக் காத்திருந்தால், இயற்கையான தூக்கத்தை ஒத்த ஒரு தூக்கம் வரும். மூச்சை அதிகம் பாதிக்காது, இதயத் துடிப்பை மெதுவாக்கும். பால் போல வெள்ளையாக இருக்கும் ப்ரோபஃபால், நரம்பில் ஏறிய சில நொடிகளில் ஆளைச் சாய்க்கும், நிறுத்திய சில நிமிடங்களில் எழுப்பிவிடும். ஆனால் மூச்சையும் நிறுத்திவிடக்கூடும், அதனால் அதைச் சமாளிக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதுவும் வலி நிவாரணி அல்ல.

கெட்டமைன் 1962இல் உருவாக்கப்பட்டது. நான்கு வேலைகளையும் ஓரளவுக்காவது சேர்த்துச் செய்வது இது ஒன்றுதான். வலியை எடுக்கும், மூச்சைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஆனால் குழந்தையின் கண்கள் திறந்தபடியே இருக்கும், விழிகள் எங்கோ அலையும். பார்க்கும் பெற்றோருக்குக் கலங்கிப்போகும். தெளியும்போது சில குழந்தைகள் இல்லாததைப் பார்த்து அலறுவதும் உண்டு. கடைசியாக நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பூட்டும் வாயு. முகமூடி வழியாகச் சுவாசித்தால் குழந்தை விழித்துக்கொண்டே மிதக்கும். கொஞ்சம் வலி குறையும், முகமூடியை எடுத்ததும் சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி.

ஆகவே எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. எம்ஆர்ஐ வலிக்காது. அந்தச் சத்தத்துக்கும் இடுக்குக்கும் நடுவே அரைமணி நேரம் அசையாமல் இருக்க ஒரு மூன்று வயதுக் குழந்தையால் முடியாது, அவ்வளவுதான். அங்கே தூக்கம் போதும். தீக்காயத்தின் கட்டைப் பிரித்து மாற்றுவது அப்படியல்ல. அங்கே தூங்க மட்டும் வைத்தால், அழ முடியாத ஒரு குழந்தையை உருவாக்கிவிட்டு அதற்கு வலியைக் கொடுக்கிறோம்.

*

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். பல ஒப்பீடுகளில் திரும்பத் திரும்ப வரும் பத்திகள் இவை: எத்தனை நிமிடத்தில் மயங்கியது, வேலை முடியும்வரை அசையாமல் இருந்ததா, படம் தெளிவாக வந்ததா, ஆக்சிஜன் அளவு இறங்கியதா, வாந்தி உண்டா, எத்தனை நிமிடத்தில் தெளிந்து வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். படம் கலங்கினால் அதே குழந்தையை மறுபடி மயக்க வேண்டும். ஆக்சிஜன் இறங்குவது உயிர் விஷயம். ஆனாலும் 'வெற்றி' என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் இருப்பது, வந்த காரியம் முடிந்ததா என்பதுதான். குழந்தைக்கு அந்த நேரம் எப்படி இருந்தது என்பதற்கான பத்தி இருந்தால், அது கடைசியில் இருக்கிறது.

அந்தப் பத்தியை நிரப்புவதும் எளிதல்ல. பேசத் தெரியாத குழந்தையின் வலியை மதிப்பிட 1997இல் வெளியான ஃப்ளாக் என்றொரு அளவுகோல் இருக்கிறது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. நல்ல அளவுகோல், உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் ஐந்துமே வெளியே தெரியும் அடையாளங்கள். தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தை மட்டும் கொடுத்து ஒரு குழந்தையின் உடலைக் கீறினால், இந்த அளவுகோலில் அது பூஜ்யம் வாங்கும்.

இதை ஏதோ கற்பனை உதாரணமாகச் சொல்லவில்லை. 1985இல் வாஷிங்டனில் குறைமாதத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு இதயத்தின் அருகிலிருக்கும் ரத்தக் குழாயை மூட நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். கொடுத்த மருந்து பான்குரோனியம். அது அசைவை மட்டும் நிறுத்தும். உணர்வையும் வலியையும் தொடாது. சில வாரங்களில் குழந்தை இறந்துபோனது. வலிக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது அம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் விடாமல் எழுதினார், கேட்டார். அப்போதுதான் வெளியுலகத்துக்குப் புரிந்தது: இது ஒரு மருத்துவமனையின் தவறு மட்டுமல்ல, பல இடங்களில் வழக்கமே அதுதான்.

அந்த மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிட்டால் நமக்கு வசதியாக இருக்கும். அவர்களிடம் காரணம் இருந்தது. பிறந்த குழந்தையின் நரம்புகள் முழுதாக வளரவில்லை, வலியை உணராது, உணர்ந்தாலும் நினைவிருக்காது என்று நம்பினார்கள். மயக்க மருந்து அந்தச் சிறிய உடலைக் கொன்றுவிடும் என்று உண்மையாகவே பயந்தார்கள். குழந்தையைக் காப்பாற்றத்தான் மருந்தைத் தவிர்த்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்ததில் முக்கியமானவர் இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த். அறுவை முடிந்து திரும்பும் குறைமாதக் குழந்தைகள் ஏன் இவ்வளவு மோசமான நிலையில் வருகின்றன என்று அவர் கேட்டார். அவரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 1987இல் லான்செட்டில் வந்தது. மொத்தம் 16 குழந்தைகள். எட்டுப் பேருக்கு அப்போதைய வழக்கப்படி நைட்ரஸ் ஆக்சைடும் தசையைத் தளர்த்தும் மருந்தும். மற்ற எட்டுப் பேருக்கு அவற்றோடு ஃபென்டனில் என்ற வலுவான வலி நிவாரணியும். ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் நெருக்கடிக்கால ஹார்மோன்கள் பல மடங்கு எகிறியிருந்தன. அறுவைக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். முகம் சொல்லாததை ரத்தம் சொன்னது. அதே ஆண்டு, பச்சிளம் குழந்தைகளுக்கும் வலி நீக்கம் தரவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி அறிவித்தது.

நான் பிறந்த காலத்தை ஒட்டி நடந்தது இது.

*

என் அக்கா பையனுக்கு மூன்றரை வயதில் மேசை முனையில் மோதித் தாடை கிழிந்தது. தையல் போட வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டார்கள், அதில் குறையில்லை. பிறகு போர்வையில் கைகளோடு சேர்த்துச் சுற்றி மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் கத்திய கத்தல் வராந்தா முழுக்கக் கேட்டது. உள்ளேயிருந்து வந்த ஒருவர் எங்களைச் சமாதானப்படுத்தினார். "வலியெல்லாம் இல்ல சார், பயத்துலதான் அழறான்."

அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த 'தான்' என் காதில் நின்றுவிட்டது. வலி உண்மையான துன்பம், பயம் அதற்குக் கீழே ஏதோ ஒன்று என்று யார் முடிவு செய்தது? ஒரு பெரியவரை அவர் சம்மதமில்லாமல் மூன்று பேர் அமுக்கிப் பிடித்து முகத்தில் ஊசி நூல் ஓட்டினால், "பயத்துலதான் கத்தறார்" என்று சொல்வோமா?

அந்தப் பையனுக்கு இப்போது ஏழு வயது. தழும்பைக் காட்டிக் கேட்டால் அம்மா சொன்ன கதையை அவனுடைய கதையாகச் சொல்கிறான். அதில் அவன்தான் ஹீரோ. டாக்டரைக் கண்டால் பயப்படுவதில்லை. நினைவும் இல்லை, வடுவும் இல்லை, தாடைத் தழும்பைத் தவிர. இரண்டாவது கூற்றுக்கு, அதாவது மறந்துபோனது நடக்காததற்குச் சமம் என்பதற்கு, இவனைவிடச் சாதகமான சாட்சி கிடைக்காது.

எதிர்ச் சாட்சிகளும் உண்டு. 1911இல் ஜெனீவாவில் க்ளாபரேட் என்ற உளவியலாளர், புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண்ணிடம் விரலிடுக்கில் ஊசியை ஒளித்துக்கொண்டு கைகொடுத்தார். குத்தியது. சற்று நேரத்தில் அவர் அதை மறந்துவிட்டார். ஆனால் அடுத்து கை நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. டொரன்டோவில் ஆனா டாடியோவின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. பிறந்த சில நாட்களில் மரத்துப்போகும் க்ரீம் இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போட்டபோது மற்றவர்களைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். என் தொழில் மொழியில் சொன்னால், லாக் ஃபைலை அழித்துவிட்டதால் பிழை நடக்காமல் போய்விடாது. லாக்கில் எதுவும் இல்லாவிட்டாலும் சிஸ்டத்தின் நிலை மாறியிருக்கலாம்.

ஆனால் இந்த வாதத்தோடு நின்றுவிடுவது எனக்குப் போதவில்லை. "பின்னால் பாதிப்பு வரும், அதனால் தவறு" என்று சொன்னால், பாதிப்பு வராத குழந்தையிடம் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிடும். என் அக்கா பையனுக்கு அது பதில் ஆகாது.

டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளிவந்த 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் ஒரு சூழ்நிலையைச் சொல்கிறார். நீங்கள் மருத்துவமனையில் கண்விழிக்கிறீர்கள். உங்களுக்கான அறுவை மயக்கமில்லாமல் செய்ய வேண்டியது, கடுமையாக வலிக்கும், முடிந்ததும் அதை மறக்கடிக்க மருந்து தருவார்கள். நர்ஸுக்கு உங்கள் விவரம் சரியாகத் தெரியவில்லை. ஒன்று, நேற்றே பத்து மணிநேர அறுவை முடிந்துவிட்டது. அல்லது, இன்று ஒரு மணிநேர அறுவை இனிமேல்தான் நடக்கப்போகிறது. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புவீர்கள்? நம்மில் பெரும்பாலோர் பத்து மணிநேரத்தைத்தான் தேர்ந்தெடுப்போம். முடிந்தது முடிந்ததுதானே.

அதே நூலில் அவர் இன்னொன்றையும் கவனிக்கிறார். வலியை அனுபவித்தவர் நாமாக இல்லாமல் நம் அம்மாவாக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. தொலைவில் இருக்கும் அம்மா இறப்பதற்கு முன் கடும் வலியில் துடித்தார் என்று பிறகு தெரியவந்தால், 'அதான் முடிந்துவிட்டதே' என்று மனம் ஆறுவதில்லை. நம் பழைய வலியை நாம் எளிதாகத் தள்ளுபடி செய்கிறோம். நேசிப்பவர்களின் பழைய வலியைத் தள்ளுபடி செய்ய முடிவதில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. "மறந்துடும்" என்று சொல்லும்போது, ஏழு வயதுப் பையன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு தள்ளுபடியை நாம் அவனுக்கு முன்பாகவே, அவன் சார்பில், நம் வசதிக்காக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த மேசையில் கிடந்தது ஏழு வயதுக்காரன் இல்லை. மூன்றரை வயதுக்காரன். அவனுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் முழு உலகமும். இது முடியும், வீட்டுக்குப் போவோம், ஒரு நாள் கதையாகச் சொல்வோம் என்று அவனுக்குத் தெரியாது. நம்மைவிட அவனுக்கு அது பெரிதாகத்தான் இருந்திருக்கும்.

*

சரி, அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்துவிடலாமா? மருத்துவர்கள் இங்கே நம்மைத் தடுத்து நிறுத்துவார்கள், அது நியாயம். சிறு குழந்தைகளில் லேசான மயக்கம் திட்டமிட்டதைவிட ஆழமாக இறங்கிவிடுவது சாதாரணம். மூச்சுக்குழாய் சிறியது, ஆக்சிஜன் இருப்பு குறைவு, தவறு நடந்தால் திருத்தக் கிடைக்கும் நேரமும் குறைவு. முன்கூட்டியே பட்டினி போட வேண்டும். தெளிந்த திரவத்துக்கு இரண்டு மணிநேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, மற்ற உணவுக்கு ஆறு என்பது பொதுவான கணக்கு. மூச்சைக் கண்காணிக்கும் கருவியும், நின்றுபோனால் மீட்கத் தெரிந்த ஆளும் இல்லாத இடத்தில் மருந்தைவிடப் போர்வையே பாதுகாப்பாக இருக்கக்கூடும்.

2016 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்டிஏ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணிநேரத்துக்கு மேல் நீளும், அல்லது திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்றது. மறுபக்கம், 2019இல் லான்செட்டில் வந்த காஸ் ஆய்வு. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகள், குடலிறக்க அறுவை. பாதிப் பேருக்கு முழு மயக்கம், மீதிப் பேருக்கு விழித்திருக்கும்போதே இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கும் ஊசி. ஒரு மணிநேரத்துக்கும் குறைவான மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, ஒரு பக்கம் அரிதாக நடக்கக்கூடிய பெரிய ஆபத்து. மறுபக்கம் நிச்சயமாக நடக்கப்போகும் சிறிய துன்பம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க எனக்குத் தெரியவில்லை, யாருக்கும் முழுதாகத் தெரியும் என்றும் தோன்றவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டாவது தட்டைக் காலியாக விட்டுவிட்டு நிறுக்காதீர்கள். 'மறந்துடும்' என்ற சொல் செய்வது அதைத்தான்.

இந்தத் தராசுக்கு வெளியேயும் வழிகள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் கதகதப்பாகச் சுற்றி, காதை மூடி, தானாகத் தூங்கியதும் எம்ஆர்ஐக்குள் அனுப்பும் வழக்கம் உண்டு. மருந்தே இல்லை. கொஞ்சம் பெரிய குழந்தைக்கு எம்ஆர்ஐ போலவே செய்த பொம்மைக் குழாயில் முதல் நாள் படுத்துப் பழக்குகிறார்கள், அந்தச் சத்தத்தையும் போட்டுக் காட்டுகிறார்கள். பச்சிளம் குழந்தைக்கு ஊசி போடும் முன் நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைத்து வாயில் வாழைப்பழத்தைத் திணித்தவர்கள் ஆய்வு எதுவும் படித்தவர்கள் இல்லை. ஆனால் குழந்தையைத் தெரிந்த கை பிடிக்க வேண்டும், தெரியாத கை அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தோலை மரத்துப்போகச் செய்யும் க்ரீம் இருக்கிறது. மருந்துக்கடையிலேயே கிடைக்கும். ஊசிக்குச் சுமார் ஒரு மணிநேரம் முன்பு தடவிக் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணிநேரத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு இந்த விஷயம் முழுக்க வேறு மாதிரி தெரிகிறது. பால் கொடுத்துத் தூங்கும்வரை காத்திருப்பது, பொம்மை எம்ஆர்ஐயில் பழக்குவது, மூக்குச் சொட்டு மெல்ல வேலை செய்யும்வரை மடியில் வைத்திருப்பது என்று மென்மையான வழிகள் எல்லாவற்றுக்கும் விலை ஒன்றுதான். பெரியவர்களின் நேரம். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அரசு மருத்துவமனையில் அந்த நேரம் ஒரு நர்ஸின் கையில் இல்லை, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். பல சமயம் குழந்தையை அமுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் மருத்துவம் அல்ல, அவசரம்.

*

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. வாசலில் நாம் குழந்தையிடம் சொல்லும் பொய். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க, சும்மா பாப்பாங்க." சம்மதம் சொல்லும் வயது அதற்கில்லை என்பது சரி. அதனால் கையெழுத்து நம்முடையது. ஆனால் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்பதும் உண்மை சொல்லத் தேவையில்லை என்பதும் வேறு வேறு. "கொஞ்சம் வலிக்கும், நான் இங்கயேதான் இருப்பேன்" என்பதை மூன்று வயதுக் குழந்தை புரிந்துகொள்ளும். அழும்தான். ஆனால் அழும்போது அது பார்க்கும் முகம், தன்னிடம் பொய் சொல்லாத முகமாக இருக்கும்.

பொதுவாக ஒருவருக்குச் செய்வதைப் பின்னால் அவர் கேட்பார் என்ற பயம் நம்மைக் கொஞ்சம் ஒழுங்காக நடக்கவைக்கிறது. சிறு குழந்தை கேட்காது. அந்த அறையில் நடந்ததற்கு அதனால் சாட்சி சொல்ல முடியாது. குழந்தை மறந்துவிடும் என்பது நமக்குச் சலுகை தரும் காரணமல்ல, பொறுப்பைக் கூட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான். சாட்சி நாம் மட்டும்தான்.

அதனால் அடுத்த முறை யாராவது ஒரு குழந்தையோடு அந்த வராந்தாவில் நிற்க நேர்ந்தால், டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். சண்டை போடுகிற தொனியில் வேண்டாம், தெரிந்துகொள்கிற தொனியிலேயே கேட்கலாம். "டாக்டர், இந்த மருந்து வலியை எடுக்குமா, இல்ல ஞாபகத்தை மட்டும் எடுக்குமா?" பெரும்பாலான டாக்டர்கள் நின்று பதில் சொல்வார்கள். சில சமயம் அந்தப் பதிலைச் சொல்லும்போதே மருந்துச் சீட்டில் இன்னொரு வரி சேரும்.